அக்குளுக்குப் பரவும் மார்பகப் புற்றுநோய்: காவல் காக்கும் செல்களே வழிவிடுவது எப்படி?

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் டாக்டர்கள் அடுத்துப் பார்ப்பது அக்குளைத்தான். அங்கே நோய் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும்.

ஏன் அக்குள்?

மார்பகத்தில் இருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி அக்குளில் உள்ள நிணநீர் கணுக்களுக்குத்தான் முதலில் போகிறது. கிருமியைத் தாக்கும் எதிர்ப்பு செல்கள் கூடியிருக்கும் இடம் அது. அப்படியொரு காவல் நிலையத்துக்குள்ளேயே புற்றுநோய் எப்படிக் குடியேறுகிறது?

வழி போடும் செல்

கிருமிகளை விழுங்குவதும், புண்ணை ஆற்றுவதும் மேக்ரோபேஜ் செல்களின் வேலை. புற்றுநோய்க் கட்டி இவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்போது இவை விஇஜிஎஃப்-சி என்ற புரதத்தைச் சுரக்க, புதிய நிணநீர் நாளங்கள் முளைக்கின்றன. இந்தப் புரதம் அதிகமானால் கணுக்களுக்குப் பரவுவதும் அதிகமாகிறது என்று 2001-ல் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின.

திருடிய முகவரி

கிருமி பற்றிய தகவலோடு கணுவுக்குப் போகும் டென்ட்ரிட்டிக் செல்களுக்கு வழிகாட்டுவது சிசிஆர்7 என்ற ஏற்பி. மார்பகப் புற்றுநோய் செல்களிலும் அதே ஏற்பி இருப்பதை, அதே 2001-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது.

எல்லா செல்லும் துரோகியா?

இல்லவே இல்லை. புற்றுநோய் செல்லைக் கொல்வதும் எதிர்ப்பு செல்தான். ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகையில், கட்டிக்குள் லிம்போசைட்டுகள் அதிகம் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பும் பொதுவாக அதிகம். டி செல்கள் மீது கட்டி போடும் பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை, இவ்வகையின் ஆபத்து அதிகமான ஆரம்ப நிலைக்கு அமெரிக்கா 2021-ல் அனுமதித்தது. இது கீமோவுடன் சேர்த்துத் தரப்படுகிறது.

நோயாளிக்கு என்ன?

முன்பெல்லாம் ஒரு கணுவில் நோய் இருந்தாலே அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிவிடுகிறது. இது லேசில் போகாது.

இசட்0011 என்ற ஆய்வு இந்த வழக்கத்தை மாற்றியது. கட்டி 5 செ.மீ.க்குள், கணு கையில் தட்டுப்படாமல், முதல் கணுக்களில் ஒன்றிரண்டில் மட்டும் நோய் இருந்த பெண்கள் இதில் பங்கேற்றனர். அனைவருக்கும் கட்டியை மட்டும் அகற்றி, கதிர்வீச்சும் திட்டமிடப்பட்டது. 10 ஆண்டு முடிவில் மீதிக் கணுக்களை எடுத்தவர்களில் 83.6 சதவீதம் பேரும், எடுக்காதவர்களில் 86.3 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தனர். அதாவது, எடுக்காததால் பாதகம் இல்லை.

இது எல்லோருக்கும் பொருந்தாது. ஆனா, ‘எத்தனை கணுவில் இருக்கு, எல்லாத்தையும் எடுத்தே ஆகணுமா?’ என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்கலாம்.