நடந்தால் மட்டும் போதுமா?

"பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்திலேயே நடந்துவிட்டது. எங்கள் பேரனுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் தவழ்ந்துகொண்டுதான் இருக்கிறான்!"

திண்டுக்கல் பஸ் நிலையத்தில், வத்தலக்குண்டு பஸ்சுக்காகக் காத்திருந்த பாட்டி ஒருவர் இப்படிச் சொல்லி வருத்தப்பட்டார்.

அருகில் நின்ற மருமகளின் முகம் வாடிவிட்டது. ஏதோ குற்றம் செய்தவள் போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேரனுக்கோ ஒரு கவலையும் இல்லை. சிறுமலை வாழைப்பழம் விற்பவர் கூவிய பக்கம் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பாட்டி, "டேய் ராசா!" என்றதும், அவர் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான்.

பாட்டியின் கவலைக்கு அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பதில் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை!

எந்த மாதம் நடக்கும்?

உலக சுகாதார நிறுவனம், இந்தியா உள்பட 5 நாடுகளில், நலமாக வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. அந்தக் கணக்கை 2006-ம் ஆண்டு வெளியிட்டது.

யாரும் பிடிக்காமல் நடக்கும் வயது என்ன? 8 மாதம் கடந்ததும் நடந்த குழந்தைகள் உண்டு. 17 மாதம் கடந்த பிறகு நடந்த குழந்தைகளும் உண்டு. இரண்டும் நல்ல குழந்தைகள்தான். 100 குழந்தைகளில் சுமார் 4 குழந்தைகள், கையை ஊன்றி முழங்காலால் தவழாமலேயே நடந்துவிட்டன!

ஆகவே, 11 மாதத்தில் நடக்கவில்லை என்பது ஒரு குறை அல்ல. அதற்காக மருமகளைக் குறை சொல்லுவது அநியாயம்.

சிலர் அவசரப்பட்டு, குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருட்டிவிடும் "வாக்கர்" வண்டியை வாங்கிவிடுகிறார்கள். அதனால் நடை சீக்கிரம் வராது. படியில் உருண்டு மண்டை உடைவதுதான் மிச்சம். கனடா நாட்டில் 2004-ம் ஆண்டு முதல் அதை விற்கவே தடை.

நம் ஊர் மர நடைவண்டி வேறு. தானாக நிற்கத் தெரிந்த பிள்ளைதான் அதைத் தள்ள முடியும்.

பெரியவர்கள் போட்ட கணக்கு

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தார்கள். கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. உட்கார்ந்து கை கொட்டுவது சப்பாணி. தளர்நடை போட்டு வரும்படி அழைப்பது வருகை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "கை கொட்டு" என்றால் கொட்டவேண்டும். "வா" என்றால் வரவேண்டும். அதாவது, கை கால் வளர்வதோடு, சொல்லுவதைக் கேட்கும் காதும் வளரவேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

தராசு காட்டாதது

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை, 5 மாதத்தில் 6 கிலோ ஆகும். ஒரு வயதில் 9 கிலோ ஆகும். இது பொதுவான கணக்கு.

எடை பார்க்கும் பழக்கம் நம் பக்கத்துக்குப் புதிது அல்ல. 1980-ம் ஆண்டு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. அப்போது திண்டுக்கல், மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அந்த மாவட்டக் கிராமங்களில் மாதந்தோறும் குழந்தைகளைத் தராசில் வைத்து எடை பார்த்தார்கள். அதனால் மெலிந்த குழந்தைகளை முன்கூட்டியே கண்டுகொள்ள முடிந்தது.

ஆனால் தராசு எடையைத்தான் காட்டும். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று காட்டாது.

ஏமாற்றும் மழலை

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் "ங்கா... ங்கா..." என்று சொல்லும். முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். கொழுகொழு என்று வளரும். உரிய காலத்தில் நடந்தும்விடும். "என் பிள்ளைக்கு என்ன குறை?" என்று வீட்டார் இருந்துவிடுவார்கள்.

இரண்டு வயதில் பேச்சு வராது. "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்பார்கள். மூன்று வயது ஆகிவிடும். அதற்குள் பொன்னான காலம் போய்விடும்!

காது கேளாமையை 3 மாதத்துக்குள் உறுதி செய்து, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கவேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காதில் கருவி பொருத்தும் ஆபரேஷனும் உண்டு. ஆனால் சீக்கிரம் வந்த குழந்தைக்குத்தான் பேச்சு நன்றாக வரும்.

இவற்றைக் கவனியுங்கள்

3 மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையா?

5 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லையா?

10 மாதம் ஆகியும் தானாக உட்காரவில்லையா?

ஒரு வயது ஆகியும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? "பா... பா...", "மா... மா..." என்ற மழலை இல்லையா?

ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறதா? நேற்று வரை செய்ததை இன்று மறந்துவிட்டதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

ஊசி போடும் நாளில்

6, 10, 14 வாரங்களில் தடுப்பு ஊசிக்குப் போகிறோம். 9 மாதம் முடிந்ததும் மீண்டும் போகிறோம். ஊசி போட்டதும், குழந்தை அழுகிறது என்று அவசரமாகத் திரும்பிவிடுகிறோம்.

தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில், எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று படமே போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

அடுத்த முறை ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளைக்குக் காதும் கண்ணும் சரியாக இருக்கிறதா?" ஊசி போடும் நர்சுகளும், தாய் கேட்கும்வரை காத்திராமல், தாங்களே இதைக் கேட்கவேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை

தாய் மில்லுக்கோ, தோட்டத்து வேலைக்கோ போய்விட்டால், பகல் முழுவதும் குழந்தை பாட்டியின் கையில்தான். அழுதால் செல்போனைக் காட்டாதீர்கள். ஒரு வயதுக்குள் அது கூடவே கூடாது. அதற்குப் பதில் பேச்சுக் கொடுங்கள். கோழியைக் காட்டுங்கள். கதை சொல்லுங்கள். பதிலுக்கு அது "ங்கா" என்றால், நீங்களும் "ங்கா" என்று சொல்லுங்கள். அப்படித்தான் பேச்சு வளரும்.

வத்தலக்குண்டு பஸ் வந்தது. பாட்டி மறுபடியும் "டேய் ராசா!" என்றார். பேரன் மறுபடியும் திரும்பினான்.

அவன் நடப்பான், பாட்டி. இன்றோ, நாளையோ, இன்னும் நாலு மாதத்திலோ நடப்பான். நீங்கள் கூப்பிட்டதும் திரும்பினானே, அதற்காகச் சந்தோஷப்படுங்கள். மருமகளையும் கொஞ்சம் தலை நிமிர விடுங்கள்!