கற்றுக் கொடுப்பதற்குக் கூலி பேசலாமா?



நம் மஹல்லாக்களில் படித்த பெண்கள் பலர் வீட்டிலிருந்தவாறே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கின்றனர். கணக்கு, ஆங்கிலம், குர்ஆன் ஓதுதல், தையல் எனக் கற்பிப்பவை வேறாயினும் அவர்களிடம் பொதுவானதொரு தயக்கம் உண்டு. மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், "உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்று கூறிவிடுகின்றனர். கேட்பதற்கு இனிமையான சொல்தான். ஆனால் மூன்று மாதங்கள் கழிந்ததும் கொடுத்தவருக்கு 'அதிகம் கொடுக்கிறோமோ' என்ற ஐயமும், வாங்கியவருக்கு 'இவ்வளவுதானா' என்ற மனக்குறையும் எஞ்சுகின்றன. இறுதியில் பாடம் நின்றுபோகிறது. இழப்போ பிள்ளைக்கு!

கல்விக்கு விலை பேசுவது முறையா எனச் சிலர் கேட்கக்கூடும். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் (கி.பி. 624) நடந்த பத்ருப் போரின் கைதிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுள் வசதியுடையோர் 4,000 திர்ஹம் வரை ஈட்டுத்தொகை கொடுத்து மீண்டனர். பொருளற்ற, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், முஸ்லிம் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இசைந்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கற்பித்தல் என்னும் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குர்ஆன் ஓதிக்கொடுப்பதற்குக் கூலி பெறுவதை ஆரம்பகால ஹனபி அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால் பைத்துல் மாலிலிருந்து ஆசிரியர்களுக்குக் கிடைத்துவந்த உதவி நின்றபின், கற்பிப்போரே இல்லாமற் போய்விடுவர் என அஞ்சிய பிற்கால ஹனபி அறிஞர்கள் அதனை அனுமதித்தனர். ஷாபிஈ மத்ஹபிலும் அனுமதி உண்டு. ஆகவே கூலி பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. அதைத் தெளிவாகப் பேசாமல் விடுவதே தவறு.

எப்படிப் பேசுவது? திருக்குர்ஆனின் 28-ஆவது அத்தியாயத்தில் அழகியதோர் ஒப்பந்தம் இடம்பெறுகிறது. மத்யன் நகரத்துப் பெரியவர், தம் மகளை மணமுடித்துத் தருவதற்கு எட்டு ஆண்டுகள் பணிபுரிய வேண்டும் என மூஸா (அலை) அவர்களிடம் கேட்டார்; பத்தாண்டுகளாக நிறைவு செய்வது அவர்களுடைய விருப்பம் என்றும் கூறினார். கடமை எட்டு ஆண்டு. அதற்கு மேற்பட்டது பெருந்தன்மை. இரண்டும் கலந்துவிடாமல் தனித்தனியே சொல்லப்பட்டன. கற்றுக் கொடுக்கும் சகோதரிகளுக்கு இதுவே நல்ல வழிகாட்டி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நாள்தோறும் இரண்டு மணி நேரமாக மாதத்தில் 20 நாட்கள் பாடம் நடத்தினால் 40 மணி நேரம் ஆகிறது. பாடத்திற்கு ஆயத்தமாகவும் நோட்டுகளைத் திருத்தவும் அன்றாடம் ஒரு மணி நேரம் செலவாகும். பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான். அதையும் சேர்த்தால் 60 மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் என வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய். மின்சாரம், தாள் முதலியவற்றுக்கு 600 ரூபாய். ஆக 6,600. பத்துப் பிள்ளைகள் எனில் ஒருவருக்கு 660 ரூபாய். உங்கள் தெருவில் இதே வகுப்புக்குப் பிறர் என்ன வாங்குகின்றனர் என்பதையும் விசாரித்து, ஒப்பிட்டு, முடிவு செய்யுங்கள்.

பத்துப் பேரில் இருவர் தந்தையை இழந்தவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு இலவசமாகவே கற்பியுங்கள். ஆனால் அந்த 1,320 ரூபாயை மற்ற எட்டுப் பேரின் கட்டணத்தில் அவர்கள் அறியாமல் ஏற்றிவிடாதீர்கள். உங்கள் பங்கிலிருந்து நீங்கள் விட்டுக்கொடுப்பதே உங்களுடைய ஸதகா. பிறர் பணத்தில் நாம் எவ்வாறு தர்மம் செய்ய இயலும்?

அடுத்து, யாருக்குக் கற்பிப்பது? வருவோர் அனைவரையும் சேர்த்துக்கொள்வது ரிஸ்க்கைப் பெருக்கும் வழியன்று. எட்டாம் வகுப்புக் கணக்கில் வல்லவரான ஒருவர், கட்டணத்திற்காகப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியை ஏற்பது அமானிதத்திற்கு மாறானது. "இந்தப் பாடம், இந்த வகுப்பு வரை, இந்த நேரம், இத்தனை பேர்" என வரையறுத்துக்கொள்ளுங்கள். மதரஸா ஆசிரியையிடமும் அண்டை வீட்டாரிடமும் அதையே தெளிவாகக் கூறுங்கள். தொலைவுக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கும். அடிப்படையில் பின்தங்கி, பள்ளியில் கேட்க வெட்கப்படும் பிள்ளையும் இருக்கும். உங்களைத் தேடுவோர் அவர்களே. முதல் இரண்டு வாரங்களைச் சோதனைக் காலமாக வைத்து, பயனில்லையெனில் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லி, தகுந்தவரிடம் அனுப்பிவிடுங்கள். அப்படி அனுப்பியவரின் நேர்மையை ஊர் மறக்காது.

மதிப்பெண்ணுக்கு ஒருபோதும் உறுதி கூறாதீர்கள். நீங்கள் வாங்குவது உழைப்புக்கான கூலி. பலன் அல்லாஹ்விடம் இருக்கிறது. மற்றொருவரிடம் படிக்கும் பிள்ளையைக் குறைந்த கட்டணம் காட்டி இழுப்பதும் வேண்டா. ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் மற்றவர் குறுக்கிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். பள்ளிக்கூடத்தில் பணிபுரியும் ஆசிரியைகளுக்கு மற்றொரு செய்தி: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது.

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு சொல். திருமண மண்டபத்திற்கும் விருந்துக்கும் பேரம் பேசாத நாம், ஓதிக்கொடுக்கும் உஸ்தாதிடமும் பாடம் சொல்லும் சகோதரியிடமும் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைச் சேர்ப்பிக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. மாதம் பிறந்து இரண்டு முறை நினைவூட்டிய பிறகு கொடுக்கும் பணத்தால் அந்தச் சகோதரியின் மனம் குளிருமா?

கட்டணம், நாட்கள், விடுமுறை, செலுத்தும் தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். உறவினராயினும் எழுதுங்கள், உறவு நீடிப்பதற்காகவே எழுதுங்கள்.

கற்பிப்போரின் உழைப்பிலும் கற்போரின் அறிவிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.