இன்ஜின் துடிக்கும்போது அவசரத் தீர்ப்பு வேண்டாம்



வாழப்பாடியிலிருந்து பாக்கு மூட்டைகளையும் தேங்காயையும் சேலத்துக்கு ஏற்றிச் செல்வதும், பேளூர் வழியாகக் கருமந்துறை மலையேறி மரவள்ளிக் கிழங்கை இறக்கி வருவதும் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளே. பொலேரோ பிக்கப், தோஸ்த், மக்கள் ‘குட்டி யானை’ என்றழைக்கும் டாட்டா ஏஸ் ஆகியவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் வாடகையில் குடும்பம் நடத்துவோர் நம்மிடையே பலர். அத்தகைய வண்டி ஒருநாள் சீராக ஓடாமல் துடிக்கத் தொடங்கினால், அந்த மாதத்து வீட்டுச் செலவே ஆட்டம் கண்டுவிடுகிறது.

அப்போது இரண்டு தீர்ப்புகள் மிக விரைவாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, “இன்ஜெக்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்பது. மற்றொன்று, “அந்தப் பங்கில் டீசலில் கலப்படம் செய்கிறார்கள்” என்பது. முதல் தீர்ப்பு வண்டிக்காரரின் பொருளைத் தொடுகிறது. இரண்டாவது, பங்க் நடத்துபவரின் மானத்தைத் தொடுகிறது. மனிதரின் உயிர், பொருள், மானம் ஆகிய மூன்றும் புனிதமானவை என்று தமது இறுதி ஹஜ்ஜின் பேருரையில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அம்மூன்றில் இரண்டை, சோதித்துப் பார்க்காத ஒரு சொல் பறித்துவிடக் கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தானியக் குவியல் தரும் பாடம்

மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை நாமனைவரும் அறிவோம். மேலே உலர்ந்திருந்த குவியலுக்குள் அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள்; மழையில் நனைந்தது என்றார் அவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று சொல்லி, மோசடியைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

மோசடியைக் கண்டிக்க மட்டுமே இந்நிகழ்ச்சியை நாம் மேற்கோள் காட்டுகிறோம். இதில் விசாரணையின் ஒழுங்கும் அடங்கியிருக்கிறது. முதலில் கையால் சோதித்தார்கள், பிறகு காரணம் கேட்டார்கள், அதன் பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். செய்தி வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு பணிக்கும் திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயமும் இதே ஒழுங்கைத்தான் கற்பிக்கிறது.

டீசல் வண்டிக்கும் இது அப்படியே பொருந்தும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஆகவே டேங்கின் அடியிலும் ஃபில்டரின் அடியிலும்தான் தங்கும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, சிறிது டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். செலவே இல்லாத இந்தச் சோதனைதான் குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பதற்கு ஈடானது.

தண்ணீர் இருப்பது உறுதியானாலும், அடுத்த கேள்வியைக் கேட்காமல் பங்கைக் குற்றம் சாட்டலாகாது. பாதி காலியான டேங்கில் இரவின் குளிர்ச்சியால் காற்றின் ஈரம் நீராகப் படியும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கும். திறந்த பீப்பாயில் சேமித்த டீசலிலும் ஈரம் சேரும்.

பங்கின் மீது ஐயம் எழுந்தால் அதையும் சோதிக்க வழி உண்டு. டீசலின் அடர்த்தியை அளந்து காட்டுமாறும், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டுமாறும் வாடிக்கையாளர் கேட்கலாம். கலப்படம் உண்மையென்றால், அது 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். ரசீதுடன் எண்ணெய் நிறுவனத்திடமும் அதிகாரிகளிடமும் முறையிடுவது நமது உரிமை. சோதனையும் செய்யாமல் முறையீடும் கொடுக்காமல் தேநீர்க் கடையில் பேசித் திரிவது, நம் மார்க்கம் தடுத்த ஊகமும் அவதூறுமே ஆகும்.

எளியதிலிருந்து அரியதை நோக்கி

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த மருத்துவமேதை அர்-ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறியத் தனி நூலே எழுதினார். இரண்டிலும் காய்ச்சல் உண்டு. இரண்டிலும் உடலில் தடிப்பு உண்டு. ஒத்த தோற்றமுடைய நோய்களை அடையாளங்களால் பிரிப்பதே மருத்துவம் என்பதை அவர் காட்டினார். வண்டியின் துடிப்பும் அத்தகையதே. வெளியே கேட்பது ஒரே ஓசை. உள்ளே காரணங்கள் பல.

நல்ல மெக்கானிக் முதலில் கேள்வி கேட்பார். துடிப்பு எப்போது தொடங்கியது? டீசல் நிரப்பிய பிறகா, ஃபில்டர் மாற்றிய பிறகா? காலைக் குளிரில் மட்டுமா, பாரம் ஏற்றும்போதா? புகையின் நிறத்தையும் பார்ப்பார். கரும்புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. வெண்புகை என்றால் பெரும்பாலும் எரியாத டீசல். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள்.

பின்னர் எளிய சோதனைகள் தொடரும். டேங்கின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால், மூடியைத் தளர்த்தியவுடன் வண்டி சீராகும். சமவெளியில் நன்றாக ஓடி, கருமந்துறை ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைந்தால் ஃபில்டர் அடைப்பை முதலில் ஐயுறலாம். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல், ஆன பிறகும் சிறிது நேரம் துடித்தால் எங்கோ காற்று புகுகிறது. பம்புக்கு முன்னுள்ள குழாயில் ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றை இணைத்துப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். காரணம் தேய்ந்த ஒரு செம்பு வாசராகவோ, வெடித்த ரப்பர் குழாயாகவோ இருக்கலாம்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டரிடம் செல்ல வேண்டும். இயந்திரப் பம்பு கொண்ட பழைய வண்டிகளில், ஒவ்வோர் இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் முறையே சற்றுத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது இன்ஜினின் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்று பொருள். 2005-இல் வந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு இரண்டே சிலிண்டர்கள். ஒன்று சோர்ந்தால் பாதி வலிமை போயிற்று.

காமன் ரெயில் வண்டிகளில் இந்த முறையைக் கையாளவே கூடாது. கார் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார். காமன் ரெயில் குழாயின் அழுத்தம் 1000 பாரையும் தாண்டும். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். கையையே இழக்க நேரலாம். அங்கே ஸ்கேனரைக் கொண்டும், ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிப் புட்டிகளில் பிடித்து அளந்தும்தான் முடிவுக்கு வர வேண்டும். அளவு மிகுந்து திரும்பும் இன்ஜெக்டர்தான் ஐயத்துக்குரியது. அதிலும் குறை இல்லையென்றால், வால்வு இடைவெளி, கம்ப்ரஷன், இன்ஜின் மவுண்டிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அறிவுக்கும் கூலி உண்டு

இவ்வளவு தெளிவான ஒழுங்கு இருந்தும், சோதிக்காமலே உதிரிபாகத்தை மாற்றும் வழக்கம் ஏன் நிலவுகிறது? இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நீதியாகாது. மூன்று மணி நேரம் தேடி, காற்று புகும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு சிறு வாசரை மாற்றிக் கொடுக்கிறார் ஒருவர். “ஒரு வாசருக்கா இவ்வளவு கூலி?” என்று நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் பல ஆயிரம் ரூபாய்க்கு இன்ஜெக்டர் மாற்றினேன் என்பவரிடம் மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணித் தருகிறோம். பொருளுக்கு விலை தருவோம், அறிவுக்குத் தரமாட்டோம் என்னும் இந்த மனப்பான்மையே நேர்மையான மெக்கானிக்கையும் உதிரிபாக வியாபாரியாக மாற்றிவிடுகிறது.

கூலி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது இஜாரா ஒப்பந்தத்துக்கு ஃபுகஹாக்கள் விதித்த நிபந்தனை. ஆகவே வண்டியை விடும்போதே, பழுதைக் கண்டறிவதற்குத் தனியாக எவ்வளவு, சரிசெய்வதற்கு எவ்வளவு என்று பேசிக்கொள்வோம். கண்டறிந்த பழுது சிறியதாக இருந்தாலும் பேசிய கூலியைத் தாமதமின்றிக் கொடுப்போம். உழைப்பவரின் வியர்வை உலர்வதற்குள் கூலி தரவேண்டும் என்ற நபிமொழியின் கருத்து, கையின் உழைப்போடு கண்ணின் உழைப்புக்கும் செவியின் உழைப்புக்கும் உரியதே.

பட்டறை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் விடப்பட்ட வண்டி அமானிதம். எந்தச் சோதனையில் என்ன கண்டீர்கள் என்பதைப் புட்டியையும் குமிழியையும் காட்டி விளக்குங்கள். கழற்றிய பழைய உதிரிபாகத்தை உரிமையாளரிடமே ஒப்படையுங்கள். உறுதியாகத் தெரியாதபோது “தெரியவில்லை” என்று சொல்வதில் இழிவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு அவ்வாறே விடையளித்தார்கள்.

நமது வாகனங்களையும் அவற்றால் வரும் ரிஸ்கையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! விசாரிக்காமல் ஒருவர் பொருளையும் மானத்தையும் தொடும் பாவத்திலிருந்து நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.