சோறு பகையன்று, அளவே கணக்கு

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் அருகில் வந்து, "ஏனுங்க, சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார்கள். சோற்றையே விட்டுவிட்டால் தறி மிதிக்கத் தெம்பு எங்கிருந்து வருமுங்க?" என்று கேட்டார். இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது.

சோற்றில் மிகுந்திருப்பது மாவுச்சத்து. அது உடலில் சர்க்கரையாக மாறி, உழைக்கும் சக்தியைத் தருகிறது. ஒரு கிராமுக்கு 4 கலோரி வரவு. செலவுக்கு மிஞ்சிய வரவு கொழுப்பாகப் படிகிறது. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்துச் சாப்பாட்டையே, மோட்டார் விசையைத் தட்டும் இக்காலத்திலும் உண்டால் கணக்கு எப்படி நேராகும்?

மேலும், அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிடும் நார்ச்சத்தும் நீங்குகின்றன. இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறுகிறது. நம் முன்னோர் சோளச்சோறும் கம்மஞ்சோறும் ராகிக்களியும் உண்டனர். உடன் கொள்ளும் தட்டைப்பயறும் கீரையும் இருந்தன. இன்றோ மானாவாரிக் காட்டில் விதைக்கும் சோளம் பெரும்பாலும் தட்டாக மாட்டுக்குப் போகிறது; விதைத்தவர் அரிசிக்குக் கடைக்குப் போகிறார்.

ஆயினும் அரிசிக்குப் பதில் ராகி என்று மாற்றிவிட்டால் போதும் என எண்ணுவதும் தவறு. ராகியிலும் மிகுந்திருப்பது மாவுச்சத்தே. நம் மக்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், தானியத்தை மட்டும் மாற்றுவதால் பயன் இல்லை, மொத்த அளவைக் குறைத்துப் பருப்பு, பால் போன்ற புரத உணவைக் கூட்ட வேண்டும் என்றும் 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இதில் நம் சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டச் சங்கங்கள் ஒரு படி மேலே செல்லலாகாதா? குடியானவ அங்கத்தினர் விளைவிக்கும் சோளம், கம்பு ஆகியவற்றோடு கொள்ளையும் தட்டைப்பயற்றையும் நியாய விலைக்கு வாங்கி, நெசவாள அங்கத்தினருக்குச் சங்கப் பண்டகசாலை வழியே விற்கலாம். ஒருவருக்கு விலை, மற்றவருக்கு நலம். அடுத்த மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவே: "சோற்றை விட வேண்டாமுங்க. தட்டில் சோற்றைக் குறையுங்கள். பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். மருந்து சாப்பிடுவதால், எதை மாற்றுவதானாலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்."