மாத்தளையின் பங்கு எங்கே?

பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலியின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் ஓடி, மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் வந்து விழுகின்றது. 1976 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நீர் அங்கே மின்சாரமாகி வருகின்றது. பின்னர் அது சுது கங்கையோடு கலந்து அம்பன் கங்கையை அடைகின்றது. போவத்தென்னையிலும், 2018 இல் திறக்கப்பட்ட மொரகஹகந்தை நீர்த்தேக்கத்திலும் அதன் ஒரு பகுதி மீண்டும் மின்விசையைப் பிறப்பிக்கின்றது. இம்மூன்று நிலையங்களின் ஆற்றலைக் கூட்டினால் நூறு மெகாவாற்றைத் தாண்டும். மாத்தளை இந்நாட்டிற்கு ஒளி வழங்குகின்றது என்பது வெறும் புகழுரையன்று, கணக்கறிந்த உண்மை.

இவ்வணைகளும் சுரங்கங்களும் நமது கைப்பணத்தால் மட்டும் எழுந்தவையல்ல. உலக வங்கி இந்நாட்டிற்கு அளித்த முதற்கடனே, 1954 இல் லக்சபானை மின் திட்டத்திற்கு அளித்த கடன்தான். மகாவலிப் பெருந்திட்டத்தை வகுக்க 1960 களில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிபுணர்கள் துணைநின்றனர். அத்திட்டத்தின் முதற்கட்டத்திற்கு 1970 இல் உலக வங்கி மீண்டும் கடன் கொடுத்தது. மொரகஹகந்தைக்குச் சீன அபிவிருத்தி வங்கி கைகொடுத்தது. களு கங்கைத் திட்டத்திற்குக் குவைத், சவூதி, ஒபெக் நிதியங்கள் பணம் தந்தன. கடன் பெற்றது குற்றம் என்று நாம் கூறவில்லை. வறிய நாடு அயலார் துணையின்றி அணை கட்டுதல் அரிது. ஆனால், கடனைத் தீர்க்கும் சுமையில் பங்குகொள்ளும் மாத்தளை மக்களுக்கு, அக்கடனால் விளைந்த பயனில் உரிய பங்கு உண்டா? இதுவே நமது கேள்வி.

2030 ஆம் ஆண்டளவில் உலக மாந்தர் அனைவருக்கும் கட்டுப்படியான, நம்பத்தகுந்த எரிசக்தி கிட்ட வேண்டும் என்று 2015 இல் உலக நாடுகள் ஒன்றுகூடி உறுதி பூண்டன. எனினும், 2023 இல் அறுபத்தாறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் மின்சாரம் இன்றியே வாழ்ந்தனர் என உலக நிறுவனங்களின் அறிக்கை கூறுகின்றது. ஆபிரிக்காவில் முப்பது கோடி மக்களுக்கு 2030 க்குள் மின்னிணைப்பு வழங்குவோம் என்று உலக வங்கியும் ஆபிரிக்க அபிவிருத்தி வங்கியும் 2024 இல் அறிவித்தன. நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் இம்முயற்சிகள் யாவும் பெரும்பாலும் எதை எண்ணுகின்றன? இணைப்புகளை எண்ணுகின்றன. கம்பி வீட்டு வாசலைத் தொட்டுவிட்டால் கணக்கேட்டில் அவ்வீடு ஒளி பெற்ற வீடாகிவிடுகின்றது.

கம்பியும் ஒளியும் ஒன்றல்ல என்பதற்கு நமது நாடே சான்று. ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் எட்டிவிட்டதென 2016 இல் பெருமை பேசப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 2022 மார்ச்சு மாத இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் நாடு இருளில் மூழ்கியது. எரிபொருள் வாங்கக் கருவூலத்தில் அந்நியச் செலாவணி இல்லை. அதனைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. கட்டணம் உற்பத்திச் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின் விதி. 2024 இல் கட்டணம் குறைக்கப்பட்டது மெய்யே. ஆனால் இடைப்பட்ட காலத்தில் விளக்கை அணைத்துவிட்டு மெழுகுதிரி ஏற்றிய குடும்பங்களுக்கு யார் விடை கூறுவார்?

மாத்தளையின் தோட்டங்களை நோக்குவோம். மன்னாரில் கரையிறங்கிக் காட்டுவழியே கால்நடையாக வந்த மக்கள் முதலில் ஏறிய மலை இதுவே. வழியில் மாண்டவர் போக எஞ்சியவர் நட்ட கோப்பியும் தேயிலையும் இறப்பரும் இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கின. அவர்தம் வழிவந்தோர் பலர் இன்றும் லயன் அறைகளில் வாழ்கின்றனர். அந்த அறைக்கு உறுதி அவர்கள் பெயரில் இல்லை. உறுதி இல்லாதவன் தன் பெயரில் மின்மானி கேட்டால், பிறர் ஒப்புதலுக்குக் காத்து நிற்க வேண்டும். பழைய கம்பிகளில் மின்னொழுக்கு ஏற்பட்டு லயன்கள் தீப்பற்றிய செய்திகள் மலையகத்திலிருந்து வந்தவண்ணம் உள்ளன. இதனையும் ‘இணைப்பு’ என்று ஏட்டில் எழுதி மகிழ்வது நியாயமாகுமா?

கமக்காரரின் நிலை வேறு விதமாயினும் வேதனை ஒன்றே. தம்புள்ளை, கலேவலைப் பகுதிகளில் கிணற்று நீரை இறைத்து மரக்கறி விளைவிப்போரில் பலர் மண்ணெண்ணெய் இயந்திரத்தை நம்பியிருந்தனர். 2022 ஆகஸ்டில் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியபோது அவர்கள் திகைத்து நின்றனர். மின்நிலையம் உள்ள மாவட்டத்தில், வயலோரம் மின்சாரம் இல்லாமையால் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பது எத்தகைய முரண்! லக்கலையிலோ, களு கங்கை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய பட்டினமே நீரில் மூழ்கியது. அம்மக்களுக்குப் புதிய பட்டினம் அமைத்துக் கொடுத்தனர். ஆனால் இழந்த வயலை நீரின் அடியிலிருந்து எவர் மீட்டுத் தருவார்?

“மின்சாரம் நாட்டுப் பொதுச்சொத்து, மாவட்டம்தோறும் பங்கு கேட்டால் ஒற்றுமை என்னாவது?” என்று சிலர் வினவுவர். பிற நாடுகள் இதற்கு விடை கண்டுள்ளன. நோர்வேயில், ஆற்றைக் கொடுத்த உள்ளூராட்சிகளுக்கு அங்கு பிறக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குவரை சலுகை விலையில் வழங்க 1917 ஆம் ஆண்டிலேயே சட்டம் வழிசெய்தது. இந்தியாவில், நீர்மின் திட்டம் அமையும் மாநிலத்திற்கு 12 சதவீத மின்சாரத்தை விலையின்றி வழங்குவது வழக்கம். உள்ளூர் மேம்பாட்டிற்கென மேலும் ஒரு சதவீதத்தை 2008 ஆம் ஆண்டுக் கொள்கை ஒதுக்கியது. அதனால் அந்நாடுகளின் ஒற்றுமை குலைந்துவிடவில்லை.

ஆகவே நாம் கேட்பன மூன்று. முதலாவது, மாத்தளையின் நீர்மின் வருவாயில் ஒரு சிறு பங்கு சட்டப்படி இம்மாவட்டத்திற்கென ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது, அந்நிதி லயன் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரிலேயே மின்மானியும் பழுதற்ற கம்பியும் அமைக்கவும், கமக்காரரின் கிணற்றோரம் மின்சாரம் அல்லது சூரியசக்தி இயந்திரம் கொண்டுசெல்லவும் முதற்கண் செலவிடப்பட வேண்டும். மூன்றாவது, மின்சாரத்திற்கென அரசாங்கம் இனிப் பெறும் எந்த அயற்கடனாயினும், அதன் நிபந்தனைகள் கையொப்பமிடும் முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

இவை தமிழர்க்கு மட்டும் உரிய கோரிக்கைகள் அல்ல. இரத்தோட்டைத் தோட்டத் தொழிலாளிக்கும், லக்கலைச் சிங்கள விவசாயிக்கும் இவை பொதுவானவை. மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேற்றுமை கருதாது, இதனை ஒரே குரலில் எழுப்புவார்களாக. மின்பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் தம் கல்வியை இக்கோரிக்கைக்குத் துணையாக்குவார்களாக. கடன் கொடுத்த வங்கிகளோ, எத்தனை கம்பம் நட்டோம் என்று எண்ணுவதோடு நில்லாது, எத்தனை வீட்டில் விளக்கு அணையாது எரிகின்றது என்பதையும் எண்ணட்டும்.

ஆற்றைத் தந்தோம்; நிலத்தைத் தந்தோம்; உழைப்பைத் தந்தோம். நாம் கேட்பது பிச்சையன்று, பங்கு.