தும்மலுக்கு மூச்சுப் பயிற்சி உதவுமா?

காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. எல்ஆர்டி ஏறுவதற்குள் கைக்குட்டை நனைந்துவிடும். "சீசன் சரியில்லை" என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் குளிர்நாடுகளைப் போன்ற மகரந்தக் காலம் நமக்குக் கிடையாது. நம் வீடுகளில் முக்கியக் குற்றவாளி மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசி உண்ணி. ஈரப்பதமான நம் வானிலையில் அது ஆண்டு முழுவதும் பெருகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

யோகா ஒவ்வாமையை வேரோடு நீக்காது. ஆனால் மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விடும்போது காற்று வடிகட்டப்பட்டு, ஈரமாகி நுரையீரலுக்குப் போகிறது. பதற்றம் தணிகிறது, தூக்கமும் எளிதாகிறது.

வீட்டில் செய்ய மூன்று:

நாடி சுத்தி: நிமிர்ந்து அமர்ந்து, ஒரு நாசியால் இழுத்து மறு நாசியால் விடுங்கள். 5 நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டாம். மூக்கு அடைத்திருந்தால் வற்புறுத்தாதீர்கள்.

பிரமரி: மூச்சை விடும்போது வாயை மூடி வண்டுபோல் முரலுங்கள். முரலும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு சுமார் 15 மடங்கு கூடுவதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒவ்வாமை தீரும் என்பதல்ல இதன் பொருள். சைனஸ் அறைகளில் காற்றோட்டம் கூடுகிறது என்பதே.

ஜல நேத்தி: கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு. குழாய் நீர் கூடவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீர் மட்டுமே. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், அதிலிருந்த அமீபா மூளையைத் தாக்கி இறந்தார்கள். முதல் முறை தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளை ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. குறியீடு 100-ஐத் தாண்டினால் பூங்காவில் பயிற்சி வேண்டாம். ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் செய்யுங்கள். பயிற்சி செய்யும் அறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் வேண்டாம். அந்தப் புகையும் மூக்கை உறுத்தும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள். இதைச் செய்யாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால் பலன் குறைவு.

யோகா தொடங்கிய உற்சாகத்தில் இன்ஹேலரைத் தூக்கிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. பத்துமலை ஆசிரமத்தில் நாம் வணங்கும் சுவாமி சிவானந்தர், துறவியாகும் முன் இதே மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அவருக்கு மருத்துவமும் யோகமும் பகையாக இருக்கவில்லை. நமக்கும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் 'வீஸ்' சத்தம் கேட்டாலோ யோகா விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.