மண்குதிரையும் ஆற்றின் ஆழமும்

கால்பந்துப் பருவம் தொடங்குவதற்கு முன் ஆண்டுதோறும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. புகழ்பெற்ற முன்கள வீரர் ஒருவர் ஒப்பந்தத்துக்குக் கிடைக்கிறார். கோல் அடிப்பதில் அவருக்கு நிகரானவர் சிலரே. ஆனால், அவருடைய முழங்காலோ பின்தொடைத் தசையோ ஆண்டுக்கு இரண்டு முறையேனும் அவரை வெளியே உட்கார வைத்துவிடுகிறது. அப்படிப்பட்டவரை நம்பிக் கழகம் தன் பணத்தை இறக்கலாமா?

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது நம் முன்னோர் வாக்கு. அதில் வரும் சொல் குதிரையே அன்று, ஆற்றின் நடுவே சேரும் மணல்திட்டைக் குறிக்கும் 'குதிர்' என்று விளக்குவோரும் உண்டு. அந்த விளக்கத்தை ஏற்றால் பழமொழியின் பொருள் சற்றே மாறுகிறது. நம்மைச் சுமப்பவனைப் பற்றிய எச்சரிக்கை, நாம் கால் ஊன்றும் தரையைப் பற்றிய எச்சரிக்கையாகிவிடுகிறது. காயத்துக்கு ஆளாகக்கூடிய வீரரை வாங்குவது பற்றிய விவாதத்திலும் இந்த இரண்டாம் பொருளே முதன்மையானது என்பது நமது கருத்து. அதற்கு ஹைதராபாத் நகரத்தைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

துணிந்து இறங்குவது அந்நகரத்தின் கால்பந்துக்குப் புதிதன்று. ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை வளர்த்தெடுத்த சையது அப்துல் ரகீம், 1962-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தார். தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டிருந்தது. ரகீம் அவரை அரையிறுதியில் முன்கள வீரராக இறக்கினார். தென் வியட்நாமுக்கு எதிரான அந்த ஆட்டத்திலும், செப்டம்பர் 4 அன்று தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் ஜர்னைல் சிங் கோல் அடித்தார். ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். இந்தியா 2-1 என்ற கணக்கில் தங்கம் வென்றது.

இன்றைய மருத்துவ அறிவு, தலைக்காயம் பட்ட ஒருவரைப் பந்தைத் தலையால் முட்டும் இடத்துக்கு அனுப்ப எளிதில் இசையாது. அது சரியே. ஆட்டக்காரரின் உடல் அவருக்குரியது. அதைப் பணயமாக வைக்கும் உரிமை எந்தக் கழகத்துக்கும் இல்லை. எனவே நாம் இங்குப் பேசும் துணிவு, காயம் ஆறாதவரை ஆட வைக்கும் துணிவன்று. ஆறிய காயம் திரும்பி வரக்கூடும் என்று அறிந்தே பணத்தை இறக்கும் துணிவு.

அந்தத் துணிவை ஹைதராபாத் எஃப்.சி. 2021-இல் காட்டியது. 2019-இல் தொடங்கப்பட்ட அக்கழகம், இந்தியன் சூப்பர் லீக்கின் தன் முதல் பருவத்தில் 18 ஆட்டங்களில் 10 புள்ளிகள் மட்டுமே பெற்றுக் கடைசி இடத்தில் முடித்தது. ஸ்பெயினைச் சேர்ந்த பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் பொறுப்பேற்ற அடுத்த பருவத்தில் 5-ஆம் இடத்துக்கு உயர்ந்தது. அதன்பின் அது ஒப்பந்தம் செய்தது நைஜீரியாவின் பார்த்தலோமியூ ஓக்பெச்சேயை. 2002 உலகக் கோப்பையில் ஆடிய அவர், அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன் 37 வயதை எட்டினார். அவர் நாள்பட்ட காயக்காரர் அல்லர். ஆயினும், ஓடி ஓடித் தேய்ந்த கால்களுக்கு அந்த வயதே ஒரு காயம்தான். ஒரு தசை பிடித்துக்கொண்டால் 25 வயது இளைஞர் மீள்வதுபோல் 37 வயதுக்காரர் விரைவில் மீள்வதில்லை.

அவருக்கான செலவு சம்பளத்தோடு முடிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தப் பருவத்திலிருந்து ஓர் அணி ஒரே நேரத்தில் 4 அயல்நாட்டு வீரர்களை மட்டுமே களத்தில் இறக்கலாம் என்று லீக் விதி மாறியிருந்தது. எனவே ஓர் அயல்நாட்டு முன்கள வீரர் மருத்துவர் மேசையில் படுத்துவிட்டால், கழகம் பணத்தோடு ஓர் இடத்தையும் இழக்கிறது. கணக்கேட்டில் பதியப்படாத இந்த இழப்பே பெரும்பாலும் பெரிய இழப்பு.

விளைவு நாம் அறிந்ததே. 2021-22 பருவத்தில் ஓக்பெச்சே 18 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி விருது பெற்றார். 2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸை வென்று ஹைதராபாத் முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியது. ஆனால், அந்த இறுதி ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்போர் ஒன்றை உணர்வர். தோல்வியின் விளிம்பில் இருந்த அணிக்குச் சமன் செய்யும் கோலை அடித்தவர் மாற்று வீரராக வந்த சாஹில் தவோரா. 1-1 என்று முடிந்த ஆட்டம் பெனால்டி உதைகளுக்குச் சென்றபோது, 3 உதைகளைத் தடுத்துக் கோப்பையை உறுதி செய்தவர் கோல் காப்பாளர் லட்சுமிகாந்த் கட்டிமணி. நட்சத்திரம் ஒருவர் இருந்தார். அவர் அடிக்காத நாளிலும் அணி நின்றது.

காயத்துக்கு மெய்யாகவே பேர்போன ஒருவரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் 2005-இல் மைக்கேல் ஓவனை ஏறத்தாழ 1.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. 2006 உலகக் கோப்பையில், ஸ்வீடனுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. 4 பருவங்களில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 71, பாதிக்கும் குறைவு. 2009-இல் நியூகாசில் முதல்நிலை லீக்கிலிருந்து கீழே இறங்கியது.

அதே ஆண்டில் அதே ஓவனை மான்செஸ்டர் யுனைடெட் மாற்றுத்தொகை எதுவுமின்றிச் சேர்த்துக்கொண்டது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, ஆடும் ஆட்டங்களுக்கு ஏற்பக் கூடுதல் தொகை தரும் ஒப்பந்தம் அது என்று அன்றைய செய்திகள் கூறின. 2010 பிப்ரவரியில் லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் ஒரு கோல் அடித்தார்; அதே ஆட்டத்தில் பின்தொடைத் தசை காயமுற்று வெளியேறினார். அவருடைய அந்தப் பருவமும் அங்கேயே முடிந்தது. ஆனால் மான்செஸ்டர் நிலைகுலையவில்லை; அன்று கோப்பையையும் வென்றது. மனிதர் ஒருவரே, உடலும் ஒன்றே. ஒரு கழகத்துக்குச் சுமையானவர் மற்றொன்றுக்குப் பயனுள்ள துணையானார். வேறுபட்டவை ஒப்பந்தமும், அவருக்குப் பின்னால் நின்ற அணியுமே.

இனி மறுமுனையைப் பார்ப்போம். சவூதி அரேபியாவின் அல் ஹிலால் 2023-இல் நெய்மாருக்காக ஏறத்தாழ 9 கோடி யூரோ செலவிட்டது. அந்த அக்டோபரில் பிரேசில் நாட்டுக்காக ஆடும்போது அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. நவம்பரில் மும்பை சிட்டி அணியுடன் ஆட அல் ஹிலால் நவி மும்பைக்கு வந்தபோது, அவரைக் காணக் காத்திருந்த நம் ரசிகர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. 2025 ஜனவரியில் ஒப்பந்தம் முடிவுக்கு வரும் வரை அக்கழகத்துக்காக அவர் ஆடியவை 7 ஆட்டங்களே. சூதாட்டமாகக் கருதினால் இது படுதோல்வி. எனினும், அல் ஹிலால் அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் சவூதி லீக்கை வென்றது. நாட்டுக்காக ஆடும்போது காயமடைந்து 28 நாள்களுக்கு மேல் விலகியிருக்கும் வீரரின் சம்பளத்தை ஒரு வரம்புவரை ஈடுசெய்யும் காப்பீட்டுத் திட்டமும் ஃபிஃபாவிடம் உண்டு. ஆழமான கருவூலம், மாற்று வீரர்கள், காப்பீடு ஆகிய மூன்றும் அங்கிருந்தன. குதிரை கரைந்தபோதும் காலடியில் தரை இருந்தது.

ஹைதராபாத்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. துணிந்து வாங்கிய மூத்த வீரர் ஏமாற்றவில்லை. 2022-23 பருவத்திலும் 10 கோல்கள் அடித்தார், அணி பட்டியலில் 2-ஆம் இடம் பெற்றது. கரைந்தது தரைதான். அவர் விலகிச் சென்ற பின் வந்த 2023-24 பருவத்தில், கழகம் தன் வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளம் தர இயலாமல் திணறியது. புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வந்தது. அயல்நாட்டு வீரர்களும் மூத்த வீரர்களும் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினர். எஞ்சிய இளைஞர்களைக் கொண்டு 22 ஆட்டங்கள் ஆடிய அணி ஒன்றில் மட்டுமே வென்று கடைசி இடத்துக்குத் திரும்பியது. கோப்பையை ஏந்தி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024-இல் உரிமையாளர் மாறினார். 2025-இல் கழகம் பெயர் மாறி டெல்லிக்கே சென்றுவிட்டது. ரகீமின் நகரத்தில், கச்சிபௌலியின் பாலயோகி அரங்கில், மஞ்சள் சட்டை அணிந்து கூடியவர்களுக்கு இன்று ஆதரிக்க ஒரு சூப்பர் லீக் அணி இல்லை.

எனவே, காயத்துக்கு ஆளாகக்கூடிய நட்சத்திரத்தை வாங்கலாமா என்னும் கேள்விக்கு நமது விடை: வாங்கலாம், சில நிபந்தனைகளோடு. அவர் ஓர் ஆட்டத்தில்கூட இறங்காவிட்டாலும் மற்றவர்களின் சம்பளம் உரிய நாளில் போய்ச் சேர வேண்டும். ஊதியத்தில் ஒரு பகுதியேனும் ஆடும் ஆட்டங்களோடு இணைக்கப்பட வேண்டும். அவருடைய இடத்தில் இறங்க ஒருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். மருத்துவரின் அறிக்கையை, ரசிகர்களின் ஆரவாரம் எழுவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். இவற்றுள் முதல் நிபந்தனை நிறைவேறாவிட்டால், எஃகுக் கால்கள் கொண்ட வீரரையும் வாங்கக்கூடாது. ஏனெனில், அங்கே பணயமாக வைக்கப்படுவது முன்கள வீரரின் முழங்கால் அன்று. மைதானப் பராமரிப்பாளரின் வீட்டு வாடகை.

நம் இல்லங்களிலும் இத்தகைய முடிவுகள் வருவதுண்டு. மிகுந்த ஆதாயம் தரும் என்று பேசப்படும் ஒரு பங்கு, நண்பர் தொடங்கும் கடையில் ஒரு கூட்டு, விலை ஏறும் என்று நம்பப்படும் ஒரு மனை. நாம் வழக்கமாகக் கேட்பது, 'இது பலிக்குமா?' என்னும் கேள்வியை. பலிக்குமா என்பதை எவராலும் உறுதியாகக் கூற முடியாது. 'பலிக்காவிட்டால் அடுத்த மாதம் வீட்டுக்கடன் தவணையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் எதிலிருந்து கட்டுவோம்?' என்பதற்கு மட்டும் இன்றே விடை காண முடியும். அந்த விடை கையில் இருப்பவர் துணிந்து இறங்கலாம். இல்லாதவர், குதிரை எவ்வளவு அழகாக இருந்தாலும், கரையில் சற்றுப் பொறுத்திருப்பதே நலம்.